கோபுரத்துக்கு முன்னால் நிற்கும் சிங்கம்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் ஆபீஸ் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட இரண்டு தாள்கள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. ஒன்று 'நாக்பூர் லைசென்ஸ்'. வெடிபொருள் துறையின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதன் தலைப்பில் சாரநாத் சிங்கங்கள் மட்டும். மற்றது மாநில அரசு கொடுத்தது. அதிலும் அதே சிங்கங்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு கோபுரம், இரண்டு பக்கமும் தேசியக் கொடி. மேசையில் கிடந்த காலி அட்டைப்பெட்டியில் மூன்றாவதாக ஒரு முத்திரையும் இருந்தது: 2019-இல் வந்த பசுமைப் பட்டாசு அடையாளம், க்யூஆர் கோடு சகிதம். அதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் கோபுரத்தைப் பற்றித்தான்.

"இது நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரந்தான சார்? மதுரைல ஒரு ஆளு மீனாட்சி கோபுரம்னு சாதிக்கான்" என்றார் போர்மேன். சரவெடிக்கும் சாட்டைக்கும் என்னென்ன லேபிள் ஒட்டி வந்தது என்று விசாரிக்கப் போனவன் நான். லேபிள் வேலை அப்படியே நின்றது.

விருதுநகர் மாவட்டத்தில் இதை ஒரு கேள்வியாகவே யாரும் நினைப்பதில்லை. மாவட்டத்தைப் பற்றிய அரசின் அறிமுகக் குறிப்பிலேயே தமிழ்நாடு அரசின் முத்திரையில் உள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று இருக்கிறது. போட்டித் தேர்வுக் கையேடுகளின் விடையும் அதுவே. பதினொரு நிலை, 192 அடி. பாண்டியன் அவையில் வாதில் வென்ற பெரியாழ்வார், கிடைத்த பொற்கிழியைக் கொண்டு கட்டியது என்பது கோயில் மரபு. ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன். நாம் ஆண்டாள் கோயில் கோபுரம் என்று சொல்வது, ஆண்டாள் சன்னிதியை ஒட்டியிருக்கும் வடபத்ரசாயி கோயிலின் இராஜகோபுரம். ஊர் வழக்கில் பெருமாளைவிட மகளின் பெயர் ஓங்கிவிட்டது.

ஒரு மாவட்டமே ஒரே பதிலைச் சொன்னால் ஆய்வாளன் கொஞ்சம் தயங்க வேண்டும். ஆயிரம் பேர் சொன்னாலும் அது ஆயிரம் சாட்சியம் ஆகாது. எல்லோரும் ஒரே இடத்திலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆகவே கோபுரத்தை விட்டுவிட்டு முதலில் ஆண்டைப் பிடித்தேன்.

முத்திரை வரையப்பட்ட ஆண்டு 1949 என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. அதற்கு முன்னால் சென்னை மாகாணத்தின் அரசுத் தாள்களில் இருந்தது இங்கிலாந்து அரசரின் சின்னம். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை. முத்திரைத் தாள்களில் ஆறாம் ஜார்ஜின் தலை. இந்தப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டினால் இன்றைக்கும் அந்தத் தலையைப் பார்க்கலாம். சுதந்திரம் வந்ததும் அரசரின் சிங்கம் போக வேண்டும், வேறொன்று வர வேண்டும். அசோகரின் சிங்கம் முதலில் வந்த இடங்களில் ஒன்று தபால்தலை: 1947 டிசம்பர் 15-இல் வெளியான ஒன்றரை அணாத் தலை. தேசியச் சின்னமாக அது முறைப்படி ஏற்கப்பட்டதோ 1950 ஜனவரி 26-இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் சிங்கம் புழக்கத்தில் இருந்தது, சட்டத்தில் இல்லை. சென்னை மாகாணத்தின் முத்திரை பிறந்தது அந்த இடைவெளியில். ஒரு மாகாணம் தன் விருப்பப்படி ஒரு கோபுரத்தைச் சேர்த்துக்கொள்ளும் துணிச்சல் அப்படி ஒரு காலத்தில்தான் வரும்.

இந்த 1949-க்குள் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 6 வரை மாகாணத்தின் பிரதமர் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். (மாகாண முதல்வரை அன்று பிரதமர் என்றுதான் சொன்னார்கள்.) அன்றே பதவிக்கு வந்தவர் பி. எஸ். குமாரசாமி ராஜா, சொந்த ஊர் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்த மனிதர். பக்கத்து ஊர்க் கோபுரத்தை அவர்தான் முத்திரையில் ஏற்றினார் என்று இந்தப் பக்கம் பெருமையாகச் சொல்கிறார்கள். அதே மூச்சில் ஓமந்தூரார் காலத்திலேயே முடிவாகிவிட்டது என்பவர்களும் உண்டு. ஆண்டு ஒன்று, தலைவர்கள் இரண்டு. ஆளுக்கொரு கதைக்கு இடம் கிடைத்துவிட்டது.

ஓமந்தூரார் கட்சியின் கதையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வருகிறார். முத்திரைக்கு எந்தக் கோபுரம் பொருத்தம் என்று ஓமந்தூரார் கேட்டார், ரசிகமணி ஸ்ரீவில்லிபுத்தூரைச் சொன்னார் என்பது கதை. அதன் பின்பகுதியில் டெல்லியும் வருகிறது: மதச்சார்பற்ற நாட்டில் கோயில் கோபுரம் ஏன் என்று அங்கிருந்து கேட்டதாகவும், அது மதச் சின்னம் அல்ல, திராவிடக் கட்டடக் கலையின் அடையாளம் என்று இங்கிருந்து பதில் போனதாகவும் சொல்வார்கள். கதையில் பிசிறே கிடையாது. குற்றாலத்து வட்டத்தொட்டியில் கம்பனை அனுபவித்துச் சொன்ன ரசிகமணியிடம் யோசனை கேட்பது இயல்பு. அறநிலைய வாரியத்தில் பணியாற்றியவரும்கூட. தென்னாட்டுக் கோயில்களை நன்றாக அறிந்தவர். அதனால்தான் எனக்கு உறுத்தியது. வாய்வழிக் கதைகள் பெரிய மனிதர்களை ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச விடும். வரைந்த கைக்கு அந்த அறையில் நாற்காலி போடாது.

வரைந்த கை ஆர். கிருஷ்ணா ராவுடையது. மதுரையில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரிக்காரர். 1949-இல் இந்த முத்திரையை வடிவமைத்தவர் அவர் என்பதும், மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் மேற்குக் கோபுரத்தை மனத்தில் வைத்து வரைந்ததாக அவரே சொன்னார் என்பதும் பதிவாகியிருக்கின்றன. ஒன்பது நிலை, சுமார் 154 அடி, பதினான்காம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியதாகக் கோயில் வரலாறு சொல்கிறது.

அரசின் பெயரில் ஒரு குறிப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் என்கிறது, ஓவியர் மதுரை என்கிறார். எதை நம்புவது? ஆவணக் காப்பகங்களில் அலைந்து பழகியவர்களுக்கு இது புதிய சங்கடம் அல்ல. எழும்பூர்க் காப்பகத்தின் அரசாணைகளில் யார் உத்தரவிட்டார், யார் ஒப்புதல் கொடுத்தார், எந்தத் துறைக்கு நகல் போக வேண்டும் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். பென்சிலைப் பிடித்தவன் பெயருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. தேசியச் சின்னத்தின் கதையும் இப்படித்தான். அதன் வரைவுக்காகக் கல்கத்தா மிருகக்காட்சிச் சாலையில் சிங்கங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்த தீனநாத் பார்கவா, நந்தலால் போஸின் சாந்திநிகேதன் மாணவர்களில் ஒருவர். அந்தப் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே படத்தையே சாட்சிக்கு அழைத்தேன். சிவகாசி அச்சகத்தில் லித்தோக் கல் காலத்திலிருந்து வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் முத்திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். லேபிளுக்குப் படம் பெயர்த்தே கண் தேய்ந்தவர். "நிலைய எண்ணாதீங்க தம்பி. ஒவ்வொரு தடவை பிளாக் போடும்போதும் ஒருத்தன் திரும்ப வரைவான். கோடு கூடும், குறையும்" என்றார். சரியான எச்சரிக்கை. அதோடு கோபுரத்தின் கீழ்ப்பகுதியைச் சிங்கங்கள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. பாதி மறைந்த கோபுரத்தின் நிலையை எண்ணி ஒன்பதா பதினொன்றா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்து சுதை உருவங்கள். மதுரைக் கோபுரம் என்றாலே உருவங்களின் நெரிசல். ஒரு விரற்கடை இடம் சும்மா இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமோ உருவங்கள் அதிகம் இல்லாமல், நிலைமேல் நிலையாக விறுவிறுவென்று எழுந்து நிற்கும். முத்திரையில் இருப்பதும் உருவம் இல்லாத கோபுரம். 'அப்படியென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்தான்' என்று என் நண்பர்கள் சிலர் இந்த இடத்தில் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்க வேண்டிய படத்தில் ஆயிரம் சுதை உருவங்களை எந்த ஓவியரும் வைக்க மாட்டார். வைத்தால் மை அப்பிக் கறுப்புத் திட்டாகிவிடும். உருவங்கள் இல்லாதது கலைஞரின் தொழில் அறிவுக்குச் சான்று, ஊருக்குச் சான்று அல்ல. படம் எந்த ஊரின் பக்கமும் சாயவில்லை. அப்படியிருக்க, வரைந்தவரின் வாக்கு ஒன்றுதான் எஞ்சுகிறது. என் ஓட்டு மதுரைக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கும்போது இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

ஆனால் பெரியவரோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று தட்டுப்பட்டது. எந்தக் கோபுரம் என்ற சண்டையைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து கிளம்பினால் கோவில்பட்டி பக்கம். காலண்டர் ஓவியத்தின் பிதாமகர் சி. கொண்டையராஜு வாழ்ந்த ஊர். அவரும் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்தான். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்தபடி கோவில்பட்டிக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் லட்சக்கணக்கில் அச்சாகி நாடெங்கும் சுவரேறின. அந்தப் படங்களுக்கு ஒரு இலக்கணம் உண்டு. நடுவில், முன்னால், நம்மை நேராகப் பார்த்தபடி தெய்வம். இரு பக்கமும் தேவியரோ பரிவாரமோ. பின்னால் தூரத்தில் கோபுரம். இது இன்ன தலத்துச் சாமி என்று சொல்லும் வேலையைக் கோபுரம் செய்யும்.

இப்போது முத்திரையைப் பாருங்கள். பின்னால் கோபுரம். இரு பக்கமும் கொடிகள். நடுவில், முன்னால், தெய்வம் நிற்க வேண்டிய இடத்தில் அசோகரின் சிங்கத் தூண். சாமி படத்தின் சட்டகம் அப்படியே இருக்கிறது, சாமி மட்டும் மாறியிருக்கிறது. கிருஷ்ணா ராவ் காலண்டரைப் பார்த்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. சிவகாசிக் காலண்டரின் பெருங்காலம் இனிமேல்தான் வரவிருந்தது. கோபுரத்துக்கு முன்னால் ஒன்றை நிறுத்தினால் தமிழ்க் கண் அதை எப்படிப் பார்க்கும் என்பது மதுரையில் பிறந்த ஓவியருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறேன். மாநில அரசின் தாளைக் கையில் வாங்குகிற குடிமகனுக்கு அரசு ஒரு தலத்து மூர்த்தியாகக் காட்சி கொடுக்கிறது. பௌத்த அரசனின் தூண், பாண்டியன் கோபுரத்தின் முன்னால்! முரணாகத் தோன்ற வேண்டிய சேர்க்கை. எழுபத்தைந்து ஆண்டுகளாக யாருக்கும் முரணாகத் தோன்றாததற்கு இந்தச் சட்டகம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏன் கோபுரம்? கோயிலில் எத்தனையோ உறுப்புகள் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போட்டிருக்கலாம். உயரத்திலும் புகழிலும் அது குறைந்ததா என்ன? விமானம் கருவறையின் மேல் நிற்பது. உள்ளே இருப்பவருக்கு உரியது. கோபுரம் வாசலில் நிற்பது. வெளியே இருப்பவருக்கும் தெரிவது. உள்ளே போக முடியாதவர்களுக்கு விதிக்கப்பட்டது கோபுர தரிசனம். இந்த மண்ணில் அந்த 'முடியாதவர்கள்' யார் என்பது வெறும் பேச்சு இல்லை, வழக்கு எண்ணோடு இருக்கிற வரலாறு.

1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. இடையில் 1899 ஜூன் 6-இல் சிவகாசிக் கொள்ளை. அதற்கும் வேர், சிவகாசி சிவன் கோயிலுக்குள் யார் போகலாம் என்ற தகராறுதான். ஊர் எரிந்தது, உயிர்கள் போயின. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1923-இல், அதே சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். இன்று இந்தப் பகுதியின் சோறு அதில்தான். கோபுரத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்க்க விடப்பட்ட பெற்றோருக்குப் பிறந்தவர்கள் தொடங்கிய தொழில் இது. நாடார்களுக்கும் கீழே தள்ளி வைக்கப்பட்டிருந்த தலித்துகளுக்கு வெளியிலிருந்து பார்க்கும் தூரமும் அளந்துதான் கொடுக்கப்பட்டது.

1939 ஜூலை 8-இல் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் விருதுநகரைச் சேர்ந்த ஒரு நாடாரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். அந்தச் செயலுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது ராஜாஜி அரசு. 1947-இல் ஓமந்தூரார் அரசு கோயில் நுழைவை மாகாணம் முழுமைக்குமான சட்டமாக்கியது. இரண்டு ஆண்டு கழித்து, 1949-இல், அதே மாகாணம் தன் முத்திரைக்கு ஒரு கோயில் கோபுரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஓவியர் சொல்வதை ஏற்றால், 1939-இல் கதவு திறந்த அதே கோயிலின் கோபுரம்.

தேர்ந்தெடுத்தவர்கள் இதை நினைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் வாதாட வரவில்லை. இது என் வாசிப்பு. ஆனால் கோபுரம் என்ற உருவம் அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் சும்மா ஒரு கட்டடக் கலை அடையாளமாக இருந்திருக்க முடியாது. டெல்லிக்குச் சொன்னதாகக் கதையில் வரும் பதில் டெல்லிக்குப் போதும். கமுதிக்கும் சிவகாசிக்கும் அது போதாது. முத்திரையில் வாசலைச் சிங்கங்கள் மறைக்கின்றன என்று முன்னால் சொன்னேன் அல்லவா? அதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். யார் போகலாம் என்று முடிவுசெய்ய இனி வாசலில் நிற்பது அரசு என்றும் படிக்கலாம். வாசல் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றும் படிக்கலாம். இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் சில ஊர்த் திருவிழாக்கள் தாசில்தாரின் சமாதானக் கூட்டத்தில்தான் தொடங்குகின்றன. இரண்டாவது வாசிப்பைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1967-இல் கோபுரம் போயிருக்க வேண்டும். முத்திரை பிறந்த அதே 1949-இல்தான் தி.மு.க.வும் பிறந்தது, பெரியாரின் பள்ளியிலிருந்து வந்த கட்சி. ஆட்சிக்கு வந்ததும் அண்ணா கோட்டையின் பெயர்ப் பலகையை மாற்றினார். முத்திரையில் 'சத்யமேவ ஜயதே' இருந்த இடத்தில் 'வாய்மையே வெல்லும்' வந்தது. ஜூலை 18-இல் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது; 1969 ஜனவரி 14-இல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. ஆக, வட்டத்தின் ஓரத்தில் இருந்த எழுத்துகள் மாறின. நடுவிலிருந்த கோபுரத்தின் மேல் கை வைக்கவில்லை. நாத்திகம் பேசிய கட்சி கோபுரத்தை விட்டுவைத்ததை ஆத்திகர்கள் அம்மனின் வெற்றி என்பார்கள், கட்சிக்காரர்கள் பண்பாட்டு அரசியல் என்பார்கள். எனக்கு இன்னும் எளிய காரணம் போதும். அதற்குள் அந்தப் படம் பட்டாவிலும் ரேஷன் கார்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் ஏறி, சாமி கும்பிடாதவனுக்கும் 'கவர்மெண்ட்' என்றே பொருள்பட்டுவிட்டது.

ஊர்ப் பெயர் ஒட்டாததும் உதவியிருக்கும். தெலங்கானாவின் சின்னத்தில் காகதீயத் தோரணமும் சார்மினாரும் இருக்கின்றன. எந்த ஊர், யார் கட்டியது என்று பார்த்தவுடன் தெரியும். 2024-இல் அவற்றை எடுத்துவிட்டுப் புதிய சின்னம் கொண்டுவரப் பேச்சு எழுந்தபோது அரசியல் கொதித்தது. திட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டு முத்திரையில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி இல்லை. சைவக் கோபுரமா வைணவக் கோபுரமா என்பதே முடியாத வழக்கு.

ஒரு துணுக்கு, லேபிள் வேலைக்குத் திரும்பியபோது கிடைத்தது. 1950-இல் வந்த சின்னங்கள், பெயர்கள் சட்டப்படி தேசியச் சின்னத்தை வணிகக் குறியாகப் போடக் கூடாது. அதனால்தானோ என்னவோ, சிவகாசி லேபிள்களில் அணில் உண்டு, சேவல் உண்டு, முருகன், லட்சுமி, மயில் எல்லாம் உண்டு. சாரநாத் சிங்கம் இல்லை. கோபுரத்துக்கு அந்தத் தடை கிடையாது. லேபிளில் கோபுரம் வரும்போதெல்லாம் அதன் கீழே தெய்வம் திரும்பவும் தன் இடத்துக்கு வந்து நின்றுகொள்கிறது.

மதுரைக்குப் போட்ட ஓட்டு ஓவியரின் வாக்கை நம்பிப் போட்டது. கிருஷ்ணா ராவின் கையால் வரைந்த அசல் தாளை யாராவது கொண்டுவந்து, அதில் நிலைகள் பதினொன்று என்று எண்ணிக் காட்டினால் மாற்றிப் போடத் தயார். 1949-க்குப் பிறகு யாரோ பிளாக் போட்ட படத்தைக் கொண்டுவந்து எண்ணக் கூடாது. அது நிபந்தனை.